பச்சையைத் திருப்பியவர்கள்

கிரகம் காலையிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. அவருடையது சக்கரம் வைத்த நாற்காலி. உட்கார்ந்தால் அது ஓடும், எழுந்தால் இவர் ஓடுவார். ஜன்னல் வரைக்கும் போனார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து திரையைப் பார்த்தார். குழி. மறுபடி ஜன்னல், மறுபடி திரை. குழியேதான்.

நேற்றுச் சாயங்காலம் கிளம்பும்போது அது மலையாக இருந்தது. பை, குடை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகும் ஒருமுறை திரும்பி வந்து, மலைதான் என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தார். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மலைத்தொடர் உள்ளே போய்விட்டது. இது முதல் தடவையும் இல்லை. கொஞ்ச நாளாகவே அந்த மலை அவரோடு கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது.

ஸ்டுடியோவில் அவருக்குக் கிரகம் என்று பேர். கம்ப்யூட்டரில் கோள்கள் செய்கிறவர் என்பதால் வைத்த பேர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அதைக் கல்யாணமான புதிதிலேயே, கோளும் தெரியாது கீளும் தெரியாது என்றிருந்த காலத்திலேயே வைத்துவிட்டாள் என்பது வேறு விஷயம். 'எனக்குன்னு வந்து வாய்ச்ச கிரகம்' என்பது அதன் முழு வடிவம்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோளரங்கத்து மேலாளர் வருவதாக இருந்தது. குவிமாடக் கூரையில் ஓடப்போகிற புதுப் படத்துக்காக இவர்கள் ஒரு கற்பனைக் கோளைச் செய்திருந்தார்கள். அது மெதுவாகச் சுழலும். பார்க்கிறவர்கள் கடலைக் கடந்து, மேகத்துக்குள் புகுந்து, அந்த மலைத்தொடரின் மேல் இறங்குவார்கள். இந்த ஒரு காட்சி மேலாளருக்குப் பிடித்துவிட்டால் முழுப் படமும் இவர்கள் கையில். பிடிக்காவிட்டால் ரெடிமேடாகக் கிடைக்கிற ஏதோ ஒரு கோளை வாங்கி ஒப்பேற்றிக்கொள்வார்கள். கிரகம் பழையபடி ஷாம்பு பாட்டிலுக்குப் போகவேண்டும். பாட்டில் மூடியின் ஓரத்தில் விழுகிற ஒரு துளி வெளிச்சத்துக்காக அவர் வாழ்க்கையில் பாதி ஏற்கெனவே போயிருந்தது. மீதியையும் அதற்கே கொடுக்க மனசில்லை. ஸ்டுடியோ முதலாளியம்மா இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மிரட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு.

கோள் செய்வது வெளியிலிருந்து பார்க்கச் சின்ன வேலை. வழவழவென்று ஓர் உருண்டை, அதன்மேல் சில படங்கள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குணம். முதலில் கலர் மேப்: எது கடல், எது மண், எது காடு என்று நிறம் மட்டும் சொல்கிற படம். அதை மட்டும் ஒட்டினால் கோள் வராது, குழந்தைகள் உதைக்கிற பந்து வரும். அடுத்தது உயரப் படம், கருப்பு வெள்ளை. வெள்ளை உயரம், கருப்பு தாழ்வு. பளபளப்புக்கு ஒரு படம். அது கடலை மட்டும் மின்ன விடும், மண்ணை மின்ன விடாது. அது இல்லாவிட்டால் பாலைவனம்கூட எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். மேகத்துக்கென்று, கோளைவிட மயிரிழை பெரிதாக இன்னோர் உருண்டை, கண்ணாடிச் சட்டை மாதிரி. கடைசியில் இரவு விளக்குகளின் படம்: ஊர்களின் வெளிச்சம் இருட்டுப் பக்கத்தில் மட்டும் தெரியவேண்டும், வெயில் பக்கத்தில் மறையவேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் நார்மல் மேப் என்று ஒன்று. கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும், பார்த்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. அது உருண்டையை ஒரு இம்மிகூடத் தூக்காது. வெளிச்சத்தின் காதில் போய், இந்த இடம் இப்படிச் சாய்ந்திருக்கிறது, அந்த இடம் அப்படிச் சரிந்திருக்கிறது என்று கதை கட்டும். வெளிச்சமும் நம்பிவிடும். அதிலுள்ள சிவப்பு இடவலச் சாய்வைச் சொல்லும், பச்சை மேல்கீழ்ச் சாய்வை. வில்லங்கம் பச்சையில்தான். பச்சை கூடினால் சரிவு மேல்நோக்கி என்று சில சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளும். கீழ்நோக்கி என்று சில எடுத்துக்கொள்ளும். ஒன்றில் செய்த படத்தை அப்படியே இன்னொன்றின் தலையில் கட்டினால் வெயில் விழவேண்டிய சரிவில் நிழல் விழும், மலை குழியாகிவிடும். சரிசெய்வது ஒன்றும் பிரமாதமில்லை. கோளைக் காட்டுகிற சாஃப்ட்வேரில் ஒரு சின்னக் கட்டம் உண்டு, அதில் ஒரு டிக், பச்சை திரும்பிவிடும். அல்லது படத்தையே திறந்து பச்சையை மட்டும் தலைகீழாக்கிச் சேமிக்கலாம். இரண்டில் ஒன்று போதும்.

டிக் கிரகத்தின் கையில். படம் அவருடைய மச்சினன் கையில்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. அதே அறையின் அடுத்த கோடியில் உட்கார்ந்து மேடுபள்ளம் செய்கிறவன். வேலைக்குச் சேர்த்துவிட்டது கிரகம்தான். அதை அவ்வப்போது எல்லோருக்கும் ஞாபகப்படுத்துவதும் அவர்தான், பாசத்தோடுதான். இப்போது இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நடந்தது இதுதான். மச்சினன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணும் அவள் அப்பா அம்மாவும் கிரகத்தின் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று பெண்ணின் அப்பா கேட்டார். மச்சினன் வாயைத் திறப்பதற்குள் கிரகம் புகுந்து, கோள், வண்ணம், மேடு, பள்ளம் என்று ஒரு பிரசங்கமே செய்தார். எல்லோரும் ரசித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற இடம் அவருக்கு எப்போதுமே தாண்டிய பிறகுதான் தெரியும்.

"ஊர்ல இருக்கற கோளுக்கெல்லாம் இவன் மேடு பள்ளம் வைப்பான். ஆனா ஆளு வெறும் கலர் மேப்தான். தடவிப் பாத்தீங்கன்னா உள்ள ஒண்ணும் தட்டுப்படாது."

பெண்ணின் அப்பா சிரித்தார், அம்மா சிரித்தார். அந்தப் பெண் எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தாள். அதுதான் மச்சினனைக் குத்தியது. கல்யாணப் பேச்சுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் அன்று முதல் அவள் போனில் அவனைக் கலர் மேப் என்று கூப்பிட ஆரம்பித்தாள். அது எப்படியோ ஸ்டுடியோவரை வந்து சேர்ந்தது. மறுநாள் கிரகம் மன்னிப்புக் கேட்கத்தான் அவன் மேசைக்குப் போனார், சத்தியமாக. போன இடத்தில், கோபத்தில் முகத்தில் கொஞ்சம் மேடு தட்டுகிறதே என்று ஆரம்பித்ததோடு சரி. மச்சினன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். இன்னும் கழற்றவில்லை.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் இடையில் அவர் மனைவிதான் தபால்காரி. அவள் வேலை செய்வது ஒரு மருந்துக்கடையில். கிரகம் அவளுக்கு போன் செய்து, கடலோர மேட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல் என்பார். அவள் யாருக்கோ இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே தம்பிக்குச் செய்தி அனுப்புவாள். பத்தடி தூரத்தில் அவன் போன் அதிரும். இவருக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இவர் ஜன்னலைப் பார்ப்பார்.

இப்போது குழியைப் பார்த்ததும் கை தானாக மவுஸுக்குப் போயிற்று. கட்டத்தில் டிக்கை மாற்றினார். மலை எழுந்தது. எழுந்ததே என்று சந்தோஷப்பட முடியவில்லை. நேற்றும் இதையேதான் செய்தார், நேற்றும் இது எழுந்தது. போட்ட டிக்கும் எடுத்த டிக்கும் ராத்திரியில் எப்படி அர்த்தம் மாறும்? மச்சினன் படத்தைத் தொட்டிருப்பானோ என்று ஒரு கணம் தோன்றியது. தொட்டிருக்கமாட்டான். என் வேலை முடிந்தது, இனிமேல் அந்தப் படத்தை நான் தொடுவதாக இல்லை என்று அவனே அக்கா மூலம் சொல்லியனுப்பியிருக்கிறான். ரோஷக்காரன், சொன்னால் சொன்னதுதான்.

அப்படியானால் கோளாறு வேறெங்கோ. கிரகம் ஒவ்வொரு படமாக அணைத்து, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார். மேகத்தை எடுத்தார், போட்டார். பளபளப்பை எடுத்தார், போட்டார். இரவு விளக்குகளை எல்லாப் பக்கமும் எரியவிட்டுப் பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை. கடைசியில் சந்தேகம் அவர் கண்ணுக்கே வந்துவிட்டது. மேட்டையும் பள்ளத்தையும் பார்க்கிறதில் கண் ஏமாறும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். படத்தைத் தலைகீழாக்கினால் குழி மேடாகத் தெரியும். திரையைத் தலைகீழாக்கச் சோம்பல்பட்டு அவர் தன்னைத் தலைகீழாக்கிக்கொண்டார். திரைக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, இரண்டு கால்களுக்கு நடுவே பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா உள்ளே வந்தார்.

தலைகீழாக அவர் முகத்தில் சிரிப்புத் தெரிந்தது. நேராகப் பார்த்திருந்தால் அது என்னவாக இருந்திருக்குமோ. அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. மேலாளர் வரும்போது இந்தக் கோளைச் செய்த எல்லோரும் உள்ளே இருக்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேகம் செய்கிற பெண், மேகக்காரி என்று அழைக்கப்படுகிறவள், பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடா பள்ளமா என்று அவளிடம் கேட்டார். மேடு என்றாள். நிச்சயமாகவா என்றார். அண்ணே, நீங்க இப்படியே கேட்டுட்டிருந்தீங்கன்னா எனக்கும் பள்ளமாத் தெரிய ஆரம்பிச்சிடும் என்றாள்.

கிரகம் மனைவிக்கு போன் போட்டார். படம் அனுப்பியிருக்கிறேன், மேடா பள்ளமா பார்த்துச் சொல் என்றார். கடையில் கூட்டம் போலிருக்கிறது. யாரோ தலைவலிக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் படத்தைப் பார்த்தாளா என்றே தெரியவில்லை.

"ஏங்க, ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்திருக்கீங்க. நான் ஊருக்கு அந்தக் கடைசியில நின்னு மாத்திரை எண்ணிட்டிருக்கேன். உங்க மலைய நீங்களே பாத்துக்கங்க, இனிமே என்னால முடியாது."

வைத்துவிட்டாள். தபால் நிலையம் மூடியாயிற்று.

சாப்பாடு இறங்கவில்லை. மேலாளர் வந்துவிட்டார் என்றும், முதலாளியம்மா அறையில் டீ குடிக்கிறார் என்றும் செய்தி வந்தபோது கிரகம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஓடினார். பின்பக்கத்தில் பழைய சாமான் அறையாக இருந்ததை இருட்டாக்கி, ஒரு சின்னக் குவிமாடம் கட்டிவைத்திருந்தார்கள். சாய்வு நாற்காலிகளில் படுத்து மேலே பார்க்கவேண்டும். கதவோரம் இருந்த கம்ப்யூட்டரில் கிரகம் உட்கார்ந்தார், அதாவது பாதி உட்கார்ந்தார். எதிர்ச்சுவரோரம் மச்சினன் தன் மடிக்கணினியோடு வந்து தரையில் அமர்ந்தான். முகத்தில் திரையின் நீலம். மேகக்காரி நடுவில் ஒரு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

இங்கே ஒரு வசதி உண்டு. எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில் இருக்கும் படத்தை யார் மாற்றிச் சேமித்தாலும் அடுத்த நொடியே கூரையில் மாறிவிடும். கிரகத்தின் அறையிலிருந்த கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. காலையில் திறந்தால் திறந்தபோது இருந்ததுதான் நாள் முழுக்க.

கோளை ஏற்றினார். கடல் மின்னியது. மேகம் நகர்ந்தது. மலை இருந்த இடத்தில், பிரமாண்டமாக, கூரையில் பாதியை அடைத்துக்கொண்டு, குழி.

கிரகம் கதவைத் திரும்பிப் பார்த்தார். நடைவழியில் முதலாளியம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது, அறைக்கதவு திறந்திருக்கவேண்டும். விரலை ஓட்டி டிக்கை மாற்றினார். மலை எழுந்தது.

வந்திருச்சு என்றாள் மேகக்காரி.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கண்ணெதிரிலேயே மலை அப்படியே உள்ளே அமிழ்ந்தது. யாரும் கட்டத்தைத் தொடவில்லை. கிரகத்தின் கை காற்றில் நின்றது. இருட்டில், எதிர்ச்சுவரோரம், டக்கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டிருந்தது. மவுஸின் சத்தம்.

குறுகலான நடைவழியில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர், வழிவிடுகிறேன் என்று ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி, மூக்கோடு மூக்கு நிற்பார்களே, அது அவருக்கு ஞாபகம் வந்தது.

"டேய்" என்றார். அந்த அறையில் அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "பச்சையைத் திருப்புறியா?"

ஹெட்போன் கழன்று கழுத்துக்கு வந்தது.

"நீங்க திருப்புறீங்களா?"

"எப்பலேர்ந்து திருப்புற?"

"முதல்லேர்ந்தே."

"நானும்தான்."

மேகக்காரி பிஸ்கட் மெல்லுவதை நிறுத்தினாள்.

அது எப்படி நடந்திருக்கும் என்பது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. குழியைப் பார்த்து இவர் டிக்கை மாற்றுவார். அதே குழியைப் பார்த்துவிட்டு அவன் படத்தை மாற்றுவான். இரண்டும் சேர்ந்து மறுநாள் காலையில் குழி. ஒருத்தர் சும்மா இருந்திருந்தால் மலை அதுபாட்டுக்கு நின்றிருக்கும்.

"தொடமாட்டேன்னு சொல்லிவிட்டியேடா. தப்பா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது. எல்லாரும் உக்காந்திருக்கற எடத்துல உங்க செட்டிங் தப்புன்னு சொன்னா உங்களுக்கு நல்லாவா இருக்கும்? யாருக்கும் தெரியாம சரி பண்ணிரலாம்னு பாத்தேன்."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது. கிரகத்தின் நாக்கு நுனிக்கு ஒரு ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக்தான், பச்சையை வைத்து. அவர் அதை விழுங்கினார். தொண்டையில் மாத்திரை இறங்குகிற மாதிரி இறங்கியது.

நடைவழியில் செருப்புச் சத்தம் நெருங்கியது.

"நீயே திருப்பு" என்றார். "நான் தொடல."

சொல்வது சுலபம். அவருடைய கை, சொன்ன பேச்சைக் கேட்கிற கை இல்லை. அடுப்பில் வைத்ததை மூடி திறந்து திறந்து பார்த்தே கெடுக்கிற கை. அது ஏற்கெனவே மவுஸ் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கிரகம் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் திணித்துக்கொண்டார். அன்று அவர் முதல்முறையாக உட்கார்ந்தது அப்போதுதான்.

"மாமா, டிக் இப்ப இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"இருக்கட்டும். கையெடுங்க."

"எடுத்துட்டேன். கை மேலதான் உக்காந்திருக்கேன்."

டக்கென்ற சத்தமும் கதவுச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. முதலாளியம்மாவும் மேலாளரும் உள்ளே நுழைந்தபோது கூரையில் மலை எழுந்துகொண்டிருந்தது. வேண்டுமென்றே அவர்களுக்காக எழுப்பியது போல.

மேலாளர் உயரமான ஆள். சாய்வு நாற்காலியில் படுத்தபோது அவர் கால்கள் மறுபக்கச் சுவர்வரை போயின. கடல் சூரியனை வாங்கி மின்னிக்கொண்டு கடந்தது. மேகத்தின் நிழல் மண்மேல் ஊர்ந்தது. கோள் சுழன்று, மலைத்தொடர் மெல்ல மெல்லக் கீழிறங்கி வந்தது. வடசரிவில் வெயில், தென்சரிவில் நிழல், எந்தக் குறையும் இல்லை. கிரகம் மூச்சு விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தார்.

சுள்ளென்று வெயில் அடிக்கிற மலையுச்சியில், மஞ்சளாக ஒரு பொட்டு வெளிச்சம். ஊர் விளக்குகள். பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. காலையில் எல்லாப் பக்கமும் எரியவிட்டுப் பார்த்தாரே, அதை மறுபடி இருட்டுப் பக்கத்துக்கு மட்டுமென்று வைக்க மறந்துவிட்டார். கை தொடைக்கு அடியில் துடித்தது. இப்போது தொட்டால் காட்சி ஒருகணம் வெட்டும். தொடமாட்டேன் என்று வேறு சொல்லியாயிற்று.

மேலாளர் விரலை நீட்டினார். "அந்த உச்சியில என்ன, பகல்லயே லைட் எரியுது?"

முதலாளியம்மாவின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. கிரகம் வாயைத் திறந்தார். எப்போதும் கூப்பிடாமலே வருகிற பேச்சு, கூப்பிட்டும் வரவில்லை.

"அது எங்க மாமா, சார்" என்றான் மச்சினன் இருட்டிலிருந்து. "இருட்டுல எரிஞ்சாப் போதும்னு எல்லாரும் சொல்லிப் பாத்துட்டோம். கேக்கமாட்டாரு. பகல்லயும் எரிஞ்சாகணும் அவருக்கு."

மேலாளர் சிரித்தார். குவிமாடத்துக்குள் சிரித்தால் அந்தச் சிரிப்பு கூரையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் இறங்கும். மேகக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அதன்பிறகு மச்சினன் விளையாட்டை விட்டுவிட்டு, இரவு விளக்குப் படத்தை வெயில் பக்கத்தில் மறைக்கிற இடம் ஒன்று உண்டு என்றும், சோதனைக்காகத் திறந்தது அப்படியே இருந்துவிட்டது என்றும், ஒரு நிமிஷ வேலைதான் என்றும் எடுத்துச் சொன்னான். நிதானமாகச் சொன்னான். இவன் இவ்வளவு தெளிவாகப் பேசுவான் என்று கிரகத்துக்கு இத்தனை நாள் தெரியாது. பேசவிட்டிருந்தால்தானே.

மேலாளர் எழுந்து, குனிந்து கதவைத் தாண்டும்போது, மலை நல்லா நிக்குது என்றார். முழுப் படத்தையும் எப்போது பார்க்கலாம் என்று முதலாளியம்மாவிடம் அவர் கேட்டது நடைவழியிலிருந்து காதில் விழுந்தது.

அறைக்குத் திரும்பியதும் மச்சினனின் போன் அதிர்ந்தது. அக்காவாகத்தான் இருக்கவேண்டும். மலை நின்றுவிட்டது, மீதியை மாமாவிடம் நேரிலேயே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தான். கிரகம் அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். என்ன சொல்வதென்று நடந்து வரும்போதே யோசித்து வைத்திருந்தார். பத்தடி தூரத்தில் அது தீர்ந்துபோயிருந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புடா" என்றார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அவன் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். "வேணும்னா நான் அவங்க வீட்டுக்கே வந்து சொல்றேன்."

மச்சினன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது.

"வேணாம் மாமா. நீங்க வந்தா இன்னொண்ணு சொல்லிட்டு வருவீங்க."

அதில் உண்மை இருந்தது. கிரகம் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். இரவு விளக்குகளைச் சரிசெய்தார். உச்சியில் மஞ்சள் அணைந்தது. மலை மலையாகவே இருந்தது. இருந்தாலும், ஒரே ஒரு தடவை, அந்த டிக் சரியாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் என்ன? பார்ப்பதில் தப்பில்லையே. கை மெல்ல மவுஸை நோக்கி நகர்ந்தது.

"மாமா" என்றது அறையின் அடுத்த கோடி.

கை நின்றது.